மாவு மோட்டார் நடுங்கிய நாட்கள்

இட்லி மாவு விற்கிற தொழிலில் அரிசியும் உளுந்தும் ஒருநாளும் மல்லுக்கு நிற்காது, நிற்பதெல்லாம் மோட்டார்தான். வீட்டிலேயே மிஷின் போட்டு அவதிப்படுகிறவர்களே, நீங்களாவது என்னை நம்புவீர்கள்.

மூன்றாவது ஃபேஸ்

நாங்கள் பிழைக்கப்போன அமீரகத்தில், புஜைராவில் மூடிப்போன ஓட்டலின் பெரிய கிரைண்டரை வாங்கி வந்தார் என் வீட்டுக்காரர். அதற்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டும். எங்கள் அறைக்கு வந்ததோ ஒன்று. ஊரில் ஒரு ஃபேஸ் போனால் கண்டன்சர் போட்டுக் கிணற்று மோட்டாரை ஓட்டுவார்களே, அந்தத் தைரியத்தில் பழைய மோட்டார் ஒன்றைக் கண்டன்சர் மாட்டிச் சும்மா சுற்றவிட்டு, அதிலிருந்து மிச்ச ஃபேஸுக்கான கரண்ட்டை எடுத்தார். கிரைண்டர் ஓடியது. ஆனால் அந்தப் பழைய மோட்டார் நடுங்கிய நடுக்கத்தில் ஒயர் கழன்று கழன்று கிரைண்டர் நின்றது.

வெள்ளிக்கிழமைதோறும் லேபர் கேம்ப் மெஸ்ஸுக்கு மாவு கொடுத்துத்தான் அறை வாடகை கட்டினோம். அது போனால் நானும் பிள்ளையும் ஊருக்குப் போக வேண்டியதுதான். மாவு பிந்திய அன்று மெஸ் அண்ணாச்சி சொன்னார்: "இந்த ஒரு வாட்டி போட்டும் தாயி. இன்னொருக்கா பிந்திச்சுன்னா பயலுவளுக்கு அரபி ரொட்டி, குப்பூஸ்தான்."

டயர் வைத்தியம்

போல்ட்டை முடுக்கினோம். பேரிங் மாற்றினோம். லாரி டயரை வெட்டி அடியில் வைத்தோம். நடுங்கிய மோட்டார் துள்ள ஆரம்பித்தது. பக்கத்து அறை மலையாளச் சேச்சி வந்து நின்றார்: "மோளே, என் பாத்திரம் எல்லாம் டான்ஸ் ஆடுது. நீ மாவு அரைக்கிறியா, பூகம்பம் அரைக்கிறியா?"

ஸ்விட்சை அணைத்தபோது

வியாழக்கிழமை பிள்ளை அலறியதால் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். அந்த நொடியே நடுக்கம் போச்சு. மோட்டார் தண்டு மட்டும் இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பேரிங் கோளாறென்றால் சுற்றுகிறவரை ஆடணுமே! அப்போ கோளாறு கரண்ட்டில்தான். இவரை மீட்டர் வைக்கச் சொன்னேன். மூன்று ஒயரும் மூன்று விதமாகக் காட்டின.

கிணற்று மோட்டார் ஞாபகத்தில் கண்டன்சரையெல்லாம் ஒரே பக்கம் குவித்திருக்கிறார் மனுஷன்! கிணற்றடியில் அது கிடுகிடுத்தால் யார் பார்த்தார்கள்? கொஞ்சத்தைக் கழற்றி அடுத்த பக்கம் மாட்டி, மீட்டர் ஒத்துவரும்வரை கூட்டிக் குறைத்தோம். பொழுது போனதே தெரியவில்லை. இவருக்கோ ரோஷம்: "ஊர்ல இப்படித்தான் புள்ள ஓட்டுவோம். தண்ணி வரலையா?"

வெள்ளிக்கிழமை

மோட்டார்மேல் தம்ளரில் தண்ணீர் வைத்தால் அலை இல்லை. சந்தோஷத்தில் மாவை அரைத்து, புளிக்க நேரமில்லாமல் அப்படியே கேம்ப்புக்குக் கொண்டுபோனோம். அண்ணாச்சி மூடியைத் திறந்தார், மோந்து பார்த்தார், மூடினார். மோட்டார் சரியான கதையை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் கேட்டார்: "எல்லாம் சரி தாயி, மாவு பொங்கலியே! பயலுவ மோட்டாரையா திம்பானுவ?"

மூன்று ஃபேஸையும் ஒரு வழியாகச் சமமாக்கிய நாங்கள், இப்போது இவர் அங்கே, நானும் பிள்ளையும் ஊரில் என்று ஒரே குடும்பத்தை இரண்டு நாட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.