கல்லறையில் விட்டுவந்த பை

நாட்டு எல்லையான ஆற்றுப் பாலத்து வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, முன்னால் ஆறே பேர் மிச்சமிருந்தபோதுதான் தாய்சியாவுக்குப் பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது. தோள்பையைத் தலைகீழாகக் கொட்டினாள். மூக்குக்கண்ணாடி, சாவி, சீப்பு. பாஸ்போர்ட் இல்லை.

அது எங்கே இருக்கிறதென்று உடனே புரிந்துபோயிற்று. கல்லறையில்! காலையில் அக்கரை நாட்டிலிருக்கும் தன் ஊரான நார்வாவிலிருந்து இக்கரைக்கு வந்தபோது இரண்டு கையிலும் பூ. அதனால் அவித்த முட்டையும் அப்பமும் இருந்த துணிப்பைக்குள் அதைச் செருகியிருந்தாள். அம்மாவுக்குப் படைத்துவிட்டுப் பையை எடுக்கப் போனபோது, இக்கரையிலேயே குடியிருக்கும் அக்கா ரைசா கையைப் பிடித்தாள்.

"கல்லறைக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாதுடி. அப்படியே வை."

இவளும் அந்த வளர்ப்புதானே, வைத்துவிட்டு வந்துவிட்டாள். நார்வாவிலேயே பிறந்து, பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் பாத்திரம் தேய்த்தும் எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடைக்காதவள் அவள். குடியுரிமை இல்லாதவர்களுக்கென்று கொடுக்கும் அந்தச் சாம்பல் நிறப் பாஸ்போர்ட்டை விட்டால் அக்கரைக்குப் போக வேறு வழி கிடையாது. வீட்டில் கண் தெரியாத புருஷன் அர்காதிக்கு ஏழு மணிக்கு இன்சுலின் போட்டாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற ரகம்.

எல்லைக் காவலரிடம் சொன்னாள். "கல்லறைல இருந்தா அங்க போய் எடுத்துட்டு வாங்கம்மா," என்றார் அவர். "வந்து கடைசில நில்லுங்க."

டாக்சி பிடித்து ஓடினாள். சிலுவையடியில் பூ இருந்தது, முட்டை ஓடு இருந்தது, பையைக் காணோம். அதே டாக்சியில் போய் ரைசா வீட்டுக் கதவைத் தள்ளினால், மேசைமேல் அந்தப் பை! பக்கத்தில் இரண்டு கோப்பைகள்.

"எடுத்துட்டு வரக் கூடாதுன்னு சொன்ன வாய்தானே இது?"

"நீ பஸ் ஏறினதும் திரும்பிப் போய் எடுத்தேன்," என்றாள் ரைசா. "பாஸ்போர்ட் உள்ள இருந்தது தெரியும். நீ ஒரு ராத்திரி இங்க தங்கிட்டுப் போவியேன்னு பாத்தேன்."

"அறிவு இருக்கா உனக்கு? அங்க ஒரு மனுஷன் ஊசிக்காக உக்காந்திருக்கான்!"

"அக்கரைக்கு வர எனக்கு விசா குடுக்கறதை நிறுத்தி மூணு வருஷமாச்சு. நீ வருஷத்துக்கு ஒரு தடவை வரே, அதுவும் அம்மாவுக்காக."

"இன்னொரு தடவை இப்படிச் செஞ்சே, வரவே மாட்டேன்."

"செய்யலைன்னா மட்டும் தினமும் வரப் போறியாக்கும்."

இந்தப் பிடிவாதக்காரியிடம் யார் பேசி ஜெயிப்பது? பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினாள். மறுபடியும் அதே வரிசை, அதே கால்வலி. வீட்டுக்குள் நுழையும்போது ஏழாக ஐந்து நிமிஷம்.

"அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் அர்காதி.

"அவளுக்கென்ன கேடு," என்று எரிந்து விழுந்துகொண்டே ஊசி போட்டாள். கையோடு ரைசாவுக்குப் போன் போட்டுத் திட்டத் தொடங்கினாள். ரைசா போனை வைக்கவில்லை. தாய்சியாவுக்கும் வைக்க மனசு வரவில்லை. ஒரு மணி நேரம் திட்டினாள்.