முருகேசன் என்ற தேவசகாயம் அண்ணன்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கொரட்டூரில் நான் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமின் பதிவு மேசையில் தொலைபேசி அடித்தது. எதிரே எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஆவடியில் ஒரு மருத்துவமனையிலிருந்து பேசுவதாக ஒரு பெண்குரல் சொன்னது.

"முருகேசன்னு ஒரு பேஷண்ட், காலைல இறந்துட்டார் மேடம். தகவல் சொல்ல வேண்டியவங்கன்னு உங்க நம்பர்தான் போட்டிருக்கு."

"ராங் நம்பர்ம்மா. அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டேன். அடுத்து நின்றவரிடம் "பேரு?" என்று கேட்டேன்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் உறைத்தது. போனது தேவசகாயம் அண்ணன். பாவி, அவரைத் தெரியாது என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்த முருகேசன் என்ற பெயரை அவருக்கு ஒட்டிவிட்டதும் நான்தான்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் என்னோடு மருத்துவமனை நிர்வாகமும் மருத்துவ உதவியாளர் பயிற்சியும் படித்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் படித்தது ஒரு மாடியில் மூன்று அறைகள் கொண்ட கல்லூரி. அங்கே மின்விசிறியைச் சரிசெய்ய வந்தவர் அவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்த்த கம்பெனி மூடிக் கிடந்தது. மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை, மேனாம்பேட்டில் ஒற்றை அறையில் வாசம். விசிறி சுற்ற ஆரம்பித்ததும் எங்கள் சரோஜா மேடம், "ஒரு நிமிஷம் உட்காருங்க, பிள்ளைங்க உங்களுக்கு பிபி பார்க்கட்டும்" என்றார். உட்கார்ந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு யாரும் கூப்பிடாமலே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருடம் அப்படியே வந்தார்.

நோயாளியைப் பதிவுசெய்யும் பயிற்சிக்கு எங்களுக்கு ஒரு நோயாளி வேண்டும். மேடம் தினமும் ஒரு வியாதி சொல்லிக் கொடுப்பார், அண்ணன் நடிப்பார். ஒரே விதிதான்: சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, தினமும் புதுப் பெயர் சொல்ல வேண்டும். அண்ணன் படியேறும்போதே குரல் கேட்கும். "இன்னிக்கு எனக்கு இன்னா வியாதி கண்ணு? நேத்து மஞ்சக்காமால, முந்தாநேத்து மூலம். இன்னிக்காவது கொஞ்சம் கவுரதியான வியாதியா குடுங்கம்மே!" நாங்கள் சிரித்துச் சிரித்து எழுதுவோம். அவர் நடிப்பதற்காக வரவில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று ஒருநாளில் அவரை யாராவது கேட்டது அங்கே மட்டும்தான்.

ஒருநாள் என் முறை. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், "பேரு?" என்றேன்.

"தேவசகாயம்."

"ஐயே, சொந்தப் பேரைச் சொல்லக் கூடாதுன்னு தெரியாதா? வேற பேர் சொல்லுங்கண்ணே!"

"சரி கண்ணு. முருகேசன்னு போட்டுக்கோ."

"என்ன செய்யுது?"

"மாரு வலிக்குது. காலைலேந்து. இந்தக் கையெல்லாம் இஸ்துகினு போவுது."

"சூப்பர்ண்ணே! இன்னிக்குத்தான் நல்லா நடிக்கிறீங்க" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். எழுதி முடித்து நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். ஈரமாகச் சில்லென்று இருந்தது. நாடி இரண்டு அடித்தது, ஒன்று நின்றது, பிறகு ஓடியது. எண்ணுவதில் நான் எப்போதும் மக்கு, மறுபடி எண்ணினேன். அப்புறம்தான் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தேன். யாராலும் அப்படி வியர்க்க நடிக்க முடியாது.

மேடமும் நானும் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆவடிக்குக் கொண்டுபோனோம். அங்கே பதிவு மேசையில் விவரம் கேட்டார்கள். கையில் இருந்த பயிற்சிக் காகிதத்தை அப்படியே நீட்டிவிட்டேன். வலி என்ன, எப்போதிலிருந்து, எந்தக் கை, எல்லாம் அதில் சரியாக இருந்தது. பெயர் மட்டும் முருகேசன். தகவல் சொல்ல வேண்டியவர் யார் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். இரண்டு வருடம் அவரைப் பற்றி எத்தனையோ படிவம் எழுதியவளுக்கு, அவருக்கென்று ஒரு மனிதர் பெயர் தெரியவில்லை.

பிழைத்துக்கொண்டார். பெயரை மாற்றிவிடுகிறேன் என்று நான் கெஞ்சினால் கேட்க மாட்டார். "எமன் தேவசகாயத்தத் தேடிகினு வந்தான், ஆளு இல்லன்னு திரும்பிப் பூட்டான். இப்ப இன்னாத்துக்கு நாமளே அட்ரஸ் குடுக்கணும்? உடு கண்ணு." அந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் பத்து வருடம் முருகேசனாகவே இருந்தார். எனக்கு வேலை கிடைத்ததும் என் புது நம்பரை அதில் எழுதிவைத்தவரும் அவர்தான்.

அன்று மாலை ரயிலேறி ஆவடிக்குப் போனேன். சவக்கிடங்கில் அவர் காலையிலிருந்து கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறார். இறப்புச் சான்றிதழில் முருகேசன் என்று எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். அந்தச் சான்றிதழோடு போனால், மனைவி ஆரோக்கியமேரிக்குப் பக்கத்தில் தேவசகாயத்தைப் புதைக்க மாதா கோவில் கல்லறையில் இடம் தர மாட்டார்கள். அவரை முருகேசனாக எங்கோ ஓர் ஓரத்தில் போடுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. மேனாம்பேட்டுக்குப் போய் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரிடம் அவருடைய ரேஷன் கார்டை வாங்கி வந்தேன். பத்து வருடத்துக்கு முன் பயிற்சிக் காகிதத்தை அசல் என்று நீட்டியது நான்தான், தவறு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அங்கே இருந்த பெண் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மேடம், நீங்களும் ரெக்கார்ட்ஸ்லதான வேலை செய்றீங்க? இதை எழுதிக் குடுத்தா உங்க வேலைக்கு வம்பு வராதா?"

"வந்தா வரட்டும்மா. நீ பேரை மாத்து."

மாற்றினாள். மறுநாள் அவரை மனைவிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். என்னையும் பங்குச் சாமியாரையும் குழிவெட்டியவரையும் சேர்த்து ஆறு பேர். என்னோடு படித்த நீங்கள் யாரும் இல்லை. உங்கள் விலாசம் ஒன்றுகூட என்னிடம் இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரே ஒரு காகிதம். போன வருடம் என் அம்மா இறந்து ஒரு மாதம் இருக்கும். அண்ணன் என் மேசைக்கு வந்தார். "கொஞ்சம் நவுரு கண்ணு" என்று என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு படிவத்தை எடுத்து, என்னை எதிரே உட்காரச் சொன்னார். பேர் கேட்டார், வயது கேட்டார், கோணல் எழுத்தில் எழுதினார். பிறகு பேனாவை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக் கேட்டார். "ஒடம்புக்கு இன்னா செய்யுது?"

"ஒண்ணும் செய்யலண்ணே. நல்லாத்தான் இருக்கேன்."

"அத்தன வியாதிய நடிச்சவன் கண்ணு நானு. எங்கிட்டயேவா?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் அந்தக் கேள்விக்கான கட்டத்தில் ஒன்றும் எழுதாமல், காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வீட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தம் கிடையாது, ஒருத்தி சாப்பிட உலை வைக்கக் கை வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போகிறது. இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காலிக் கட்டம்தான். உங்களில் யாராவது கொரட்டூர்ப் பக்கம் வந்தால் என் மேசைக்கு வாருங்கள். எதிரே உட்கார்ந்து, ஸ்டெல்லா, உனக்கு என்ன செய்யுது என்று கேளுங்கள். இந்த முறை உண்மையைச் சொல்கிறேன்.