ஜெனோவா அரண்மனையில் நான் மறைத்த ஊர்

போன அக்டோபரில் கம்பெனிப் பயிற்சிக்காக மிலான் போயிருந்தேன். ஞாயிறு விடுமுறை. மேலாளரும் நானும் காலை ரயில் பிடித்து, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஜெனோவாவில் இறங்கினோம். பழைய நகரத்துக்குள் ஒரு பிரபு குடும்பத்தின் அரண்மனை இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடை, டிக்கெட் ஒன்பது யூரோ. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்து. இதற்குள் அரண்மனையா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மாடி ஏறினால் கண்ணாடி மண்டபம். சுவரெல்லாம் ஆளுயரக் கண்ணாடி, கூரை முழுக்கத் தங்க முலாமும் ஓவியமும். பாகூர் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் குருவிநத்தத்திலேயே எங்கள் வீடுதான் பெரிது என்று மேலாளரிடம் வழியெல்லாம் அளந்துகொண்டு வந்தவன், "இன்னா வூடுடா இது!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். மாப்பும் கையுமாகச் சிரித்தபடி ஓடி வந்தார்.

"அண்ணா, பேச்ச கேட்டா நம்ம ஊரு மாரி இருக்குது, பாகூர் பக்கமா? எனுக்கு பனித்திட்டுண்ணா! ஊருக்குப் போனா எங்கம்மாவ ஒரு வாட்டி பாருங்கண்ணா. மீன் விக்கிற செல்வின்னா வூட்ட காட்டுவாங்க. நான் இங்க கஷ்டப்படறேன்னு அழுதுகினே இருக்குது. போன்ல சொன்னா நம்பல. நேர்ல பாத்தவங்க சொன்னா நம்பும்."

மேலாளர், "தெரிந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லையென்று தலையாட்டிவிட்டு, அந்தப் பெண்ணிடம், "நான் கோயம்புத்தூருங்க" என்றேன். 'இன்னா' என்ற அதே வாயால்! மாப் பிடித்தவர் என் பக்கத்து ஊர்க்காரர் என்று மேலாளரிடம் சொல்ல நாக்கு வரவில்லை. வேறு காரணமே கிடையாது. சீ என்றிருந்தது.

"சரிங்கண்ணா" என்று அவர் துடைக்கப் போய்விட்டார்.

போகிறவர்கள் காலை ஒன்பதரைக்கே உள்ளே போய்விடுங்கள், பத்தரைக்கு மேல் கூட்டம். திங்கள் விடுமுறை. எல்லாம் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். மற்ற அறைகளைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், எதையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் பைக்கில் பனித்திட்டு போனேன். எங்கள் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். செல்வியம்மா படகுப் பக்கம் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ண ஜெனோவாவுல பாத்தேம்மா. அரண்மனையில வேலை. நல்லா சிரிச்சிகினு இருக்குது."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத்தான்பா நிம்மதி. அன்னிக்கு போன்ல சொல்லிச்சி, நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரு அங்க வந்தாராம். ஊர சொல்லவே பயந்தாராம். பாவம், இன்னா கஷ்டத்துல மாட்டிக்கினு இருக்காரோன்னு அழுதுச்சி. உனுக்கு அவர தெரியுமாபா?"

"தெரியாதும்மா" என்றேன்.