நிமிர்ந்து நிற்க ஒரு கூடாரம்

என் வீட்டுக்காரர் வீட்டில் பேசமாட்டார். கோபமெல்லாம் கிடையாது, சுபாவமே அப்படி. காரைக்குடியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர் பேசியதையெல்லாம் எழுதிவைத்திருந்தால் நாற்பது பக்க நோட்டில் பாதி காலியாகக் கிடக்கும். “ம்”, “சரி”, “காபி ஆறிப்போச்சு.” அவ்வளவுதான். ஆனால் அதே மனுசனைக் கொண்டுபோய் ஒரு கூடாரத்துக்குள் படுக்க வையுங்கள். விடிகிற நேரம் துணிக்கு அந்தப் பக்கம் மெல்ல வெளுக்கும். உள்ளே எல்லாமே இளம்பச்சையாகி, குளத்துக்கு அடியில் படுத்திருப்பது போலத் தோன்றும். அப்போது மல்லாந்து கிடந்தபடி பேச ஆரம்பிப்பார் பாருங்கள்!

அவர் பள்ளிக்கூடத்தில் சாரணர் ஆசிரியராக இருந்தவர். நானும் டீச்சர்தான், வேறு பள்ளிக்கூடம். பிள்ளைகள் வேலைக்கென்று ஊரைவிட்டுப் போனபிறகு, வருசத்துக்கு இரண்டு தடவை நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பிவிடுவோம். சிறுமலை, கொடைக்கானல் அடிவாரம், ஒன்றுமில்லாவிட்டால் கல்லல் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க்கரை. அவருடைய அம்மா இறந்த அன்று அழுகை வராமல் கண்ணில் தண்ணீரைத் தொட்டு வைத்துக்கொண்டதை ஒரு கூடாரத்தில்தான் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது பயத்தில் என் முகத்தையே பார்க்கவில்லை என்பதையும் அப்படித்தான் சொன்னார். “அப்ப எந்த நம்பிக்கையில சரின்னீக?” என்று கேட்டேன். “குரல் கேட்டுச்சுல்ல” என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

இப்படி இருந்த எங்கள் பயணத்துக்கு அவருடைய முழங்கால் முட்டுக்கட்டை போட்டது. பழைய கூடாரம் குட்டையானது. உள்ளே போக வேண்டுமானால் தவழ்ந்துதான் போக வேண்டும். கடைசியாகச் சிறுமலைக்குப் போனபோது வாசலில் நாலு காலில் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை, வேட்டி வேறு அவிழ்ந்துவிட்டது. நான் சிரித்துத் தொலைத்தேன். சிரித்திருக்கக் கூடாது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்ததும், “இனிமே வேணாம்” என்றார்.

அதற்கப்புறம் இரண்டு முழங்காலுக்கும் ஆபரேசன் ஆனது. மண்டிபோடக் கூடாது, சம்மணம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாதா கோயிலில் பூசை நேரத்தில் எல்லாரும் முழங்காலில் நிற்க, இவர் மட்டும் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். வீடு இன்னும் அமைதியாகிப் போனது. ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை எண்ணிப் பார்த்தேன், ஏழே வார்த்தை. எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. எனக்கு மலையும் வேண்டாம், கண்மாயும் வேண்டாம். அந்தப் பேச்சு வேண்டும். அது இல்லாமலே இரண்டு பேரில் ஒருத்தர் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

அவரிடம் சொல்லாமல் மதுரைக்குப் பஸ் ஏறினேன். கடையில் வரிசையாகக் குடை கவிழ்த்த மாதிரி கூடாரங்கள். “அம்மா, இதுல நாலு பேர் தாராளமாப் படுக்கலாம்” என்றார் கடைக்காரர்.

“நாலு பேர் படுக்குறது இருக்கட்டும். ஒருத்தர் நிக்க முடியுமா?”

“நடுவுல ஆறடி உயரம்மா.”

உள்ளே போய் நடுவில் நின்றேன். தலை இடிக்கவில்லை. ஆனால் நான் வெளியூரிலும் சேலைதான் கட்டுவேன், கடைசிவரை அதை மாற்றிக்கொள்வதாகவும் இல்லை. கொசுவம் வைக்கிற மாதிரி குனிந்தேன், முதுகு துணியில் முட்டியது. முந்தானையைத் தோளுக்கு மேல் வீசுகிற மாதிரி கையைத் தூக்கினேன், கூடாரமே ஒரு பக்கம் சாய்ந்தது. கடைக்காரர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். இத்தனை வருசமும் பழைய கூடாரத்துக்கு வெளியே, மரத்துக்குப் பின்னால், இவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் சேலை கட்டியிருக்கிறேன். இவருக்கும் அதே கதிதான். உட்கார்ந்துகொண்டு எவராவது வேட்டி கட்ட முடியுமா?

“சேலை கட்டுற மாதிரி ஒண்ணு காட்டுங்க” என்றேன். கடைக்காரர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, மாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒன்று இருந்தது. அறை மாதிரி நெட்டுக்குத்தான சுவர்கள், மூலையில் நின்றாலும் நிமிர்ந்து நிற்கலாம். கதவு தலைக்கு மேல்வரை திறந்தது, கால் தடுக்கும் விளிம்பு இல்லை, இரண்டு பக்கமும் காற்றுக்கு வலை. நிறம் மட்டும் அழுக்கு வெள்ளை. கூடவே இரண்டு மடக்குக் கட்டில்களும் வாங்கினேன். அவற்றையும் உட்கார்ந்து எழுந்து பார்த்துத்தான் எடுத்தேன். தாழ்ந்த கட்டிலாக இருந்தால் தரையே தேவலை.

மறுநாள் விடிந்ததும் பால்காரரை ஒரு கை பிடிக்கச் சொல்லி, வீட்டு வாசலில் கூடாரத்தை நிறுத்தினேன். இவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து, கூடாரத்துக்குள் நின்று முதலிலிருந்து கட்டிப் பார்த்தேன். அப்பாடா! முந்தானை எங்கேயும் தட்டாமல் வந்து தோளில் விழுந்தது. காலை வெயில் வெள்ளைத் துணியில் ஊறி உள்ளே முழுக்கப் பரவியிருந்தது. மரநிழல் சுவரில் அசைந்தது. நான் ஏதோ ஒரு மேகத்துக்குள் குடிபோன மாதிரி அப்படியே நின்றுவிட்டேன்.

வெளியே யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது.

“கோயில்ல துக்க மணிகூட அடிக்கலியே... எப்ப ஆச்சு? நேத்துக்கூடப் பாத்தேனே!”

எதிர்வீட்டு அக்கா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணப் பத்திரிகை எதுவும் வைக்காத வீட்டு வாசலில் திடீரென்று காலையில் வெள்ளைப் பந்தல் நின்றால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் ஆபரேசன் ஆனவர் வேறு இருக்கிறார். இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது! நான் முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே வருவதற்குள், சத்தம் கேட்டு இவரே பேப்பரும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஆத்தாடி!” என்று அக்கா நெஞ்சில் கைவைத்தார். “சார்! நல்லா இருக்கீகளா?”

“இப்ப வரைக்கும்” என்றார் இவர்.

அதற்குள் இன்னும் இரண்டு பேர் செபமாலையோடு வந்துவிட்டார்கள். விசயம் தெரிந்ததும் ஒரே சிரிப்பு. எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். ஆனால் அக்காவின் கண் மட்டும் வெகுநேரம் சிவந்தே இருந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போனபிறகு மெதுவாக எழுந்து வாசலுக்குப் போனார். கூடாரத்துக்குள் நிமிர்ந்து நடந்தே போனார். நடுவில் நின்று வேட்டியை உதறி, இறுக்கிக் கட்டிக்கொண்டார். கையை உயர்த்தினார், கூரை எட்டவில்லை. என் பக்கம் திரும்பி, “எப்பப் போறோம்?” என்றார்.

அந்த வாரமே போனோம். தை மாதம், கல்லலுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பு, ஒட்டினாற்போல் நிறைந்த கண்மாய். கார் நான்தான் ஓட்டினேன். முளைக்குச்சிகளை அடித்தது, கட்டில்களை விரித்தது எல்லாம் நான். “இங்குட்டு வாசலை வை, காத்து வரும்” என்று அவர் நாற்காலியிலிருந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, பட்டப்பகலில் ஆளுக்கொரு கட்டிலில் படுத்தோம். ஒரு வலையில் நுழைந்த காற்று எங்களைத் தொட்டுவிட்டு மறு வலை வழியாகப் போனது. தண்ணீரின் வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டே இருந்தது.

“அன்னிக்கு அந்த அக்கா அழுதுச்சுல்ல” என்றார். “எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சொல்ல வேண்டியத சொல்லாமலே போயிருப்பேன்ல?”

எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப வருசமா நெஞ்சுல கெடக்கு.”

“சொல்லுங்க. நான் எங்க போயிரப்போறேன்?”

நேராக விசயத்துக்கு வர அவரால் முடியாது. எங்கோ தூரத்திலிருந்து ஆரம்பித்தார். கல்யாணமான புதிது, மழை பெய்யாத வருசம், அவர் வாங்கிய பழைய சைக்கிள். குரல் ஒரே சீராக, தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. நான் நாலு மணிக்கே எழுந்தவள். கட்டில் தொட்டிலாட்டம் தாங்கிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று நினைத்தேன்.

சைக்கிள் கண்மாய்க்கரையில் தானாக ஓடியது. கல்லல் ஸ்டேசனில் யாரோ மஞ்சள் சேலையில் நின்றிருந்தார்கள். கையில் ஒரு கடிதம். ரயில் சத்தமே இல்லாமல் வந்தது. கொக்குகள் எழும்பின. எனக்கு அந்த மஞ்சள் சேலையைப் பார்த்துக் கோபம் வரவில்லை, கூப்பிட வேண்டும் போல இருந்தது. அவர் சொன்னது எதுவரை, நான் கண்ட கனவு எங்கிருந்து என்று இன்றைக்கும் பிரிக்கத் தெரியவில்லை.

“மன்னிச்சிருவியா?”

கண்ணைத் திறந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. அவர் கட்டில் விளிம்பில் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கன்னமெல்லாம் ஈரம். அம்மா சாவுக்கு வராத அழுகை.

“தூங்கிட்டேங்க, திரும்பச் சொல்லுங்க” என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“மன்னிச்சுட்டேங்க” என்றேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். எதையும் பிடிக்காமல் எழுந்து, நிமிர்ந்து, கதவைத் தாண்டித் தண்ணீர்ப் பக்கமாக நடந்து போனார். அப்படி நடந்து அவரை நான் பார்த்து வெகுகாலமாகிவிட்டது.

இப்போதெல்லாம் வீட்டில் பேசுகிறார். தக்காளி விலை, பேப்பர் செய்தி, கோயிலில் ஃபாதர் சொன்ன ஜோக், ஒன்று விடாமல் சொல்கிறார். நான் ஆசைப்பட்டது இதற்குத்தான், சந்தோசமாகத்தான் இருக்கிறேன். சில சமயம் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தையே பார்ப்பேன். என்னதான் செய்தீர்கள், யாருக்குச் செய்தீர்கள் என்று தொண்டைவரை வரும். எதுவாக இருந்தாலும் மன்னித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்க மாட்டேன். கேட்டால், அன்றைக்கு நான் தூங்கிவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துபோகும்.