ஜெசிந்தா அக்காவும் இந்த நூற்றாண்டின் சிறந்த படமும்

ஜெசிந்தா அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் கணவர் லாரன்ஸ் அண்ணன் எங்கள் பழைய ஷோரூம் குரூப்பில் ஒரே வரி போட்டிருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன்... நான் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. மன்னார்குடியில் ஒரு பைக் ஷோரூமில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் சேல்ஸ். அக்கா இன்சூரன்ஸ், ஆர்.சி. வேலைகள்.

அறுவடை முடிந்த மாதங்களில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவோம். அப்போதெல்லாம் சினிமா பேச்சுதான்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, யாரோ முகநூலில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தேன். இந்த நூற்றாண்டில் இதுவரை வந்த சிறந்த தமிழ்ப் படங்கள் எவை? அவ்வளவுதான்... டிபன் பாக்ஸைத் திறந்தாலே சண்டை என்றாகிவிட்டது.

படப் பெயர்களை இங்கே எழுதவில்லை. எழுதினால் கமென்ட்டில் நீங்களும் ஆரம்பித்துவிடுவீர்கள்.

எங்கள் மெக்கானிக் பாபு அண்ணனுக்கு முதல் இடம் எது என்பதில் சந்தேகமே கிடையாது. தண்ணீர் வராமல் பயிர் கருகி, அந்த வயலிலேயே செத்துப்போகும் ஒரு விவசாயியின் கதை. தியேட்டரில் மூன்று முறை பார்த்து மூன்று முறையும் அழுதவர்.

"அது அப்படியொன்னும் நல்ல படம் இல்லண்ணே" என்றார் அக்கா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

"ஏம்மா, ஒனக்கென்ன கல்லு மனசா? வயக்காட்டுக் கஷ்டம் தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்தப் படம் புரியும்."

அக்காவின் கை நின்றது. டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தார்.

"எங்கப்பா வயல்ல விழுந்துதாண்ணே செத்தாரு. கீழ்வேளூர் பக்கம் எங்களுக்குக் குத்தகை நெலம். அந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணியே வந்து சேரல. அடுத்த வாரமே எங்கம்மா பக்கத்து ஊருக்கு நடவுக்குப் போயிட்டாங்க, அங்க போர்வெல் தண்ணி இருந்துச்சு. ஒங்க படத்துல அந்த ஆளு பொண்டாட்டிக்கு ஒரே ஒரு சீன். பொணத்து மேல விழுந்து அழுவுறா. அப்பறம் ஆளையே காணோம். அவ என்ன ஆனா? அத எவன் எடுத்தான்?"

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பாபு அண்ணன் தயங்கித் தயங்கி வந்தார். "ஜெசிந்தா... அந்தப் படம் வேணாம்மா. நான் வேற ஏதாவது சொல்லிக்கிறேன்."

அக்காவுக்கு வந்தது பாருங்கள் கோபம்! முதல்நாள்கூட அவ்வளவு இல்லை.

"எனக்காக எதுக்குண்ணே விட்டுக் குடுக்குறீங்க? பாவம் பாத்தா படத்துக்கு மார்க்குப் போடுவீங்க? ஒங்களுக்குப் புடிச்சிருக்குல்ல? நின்னு சண்ட போடுங்க. நான் பதில் சொல்றேன்."

பாபு அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுபடி ஆரம்பித்தது... முதல்நாளைவிடச் சத்தமாக. வண்டி சர்வீஸுக்கு விட வந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு சொல்றதுதாங்க நியாயம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டுப் போனார்.

"சரிக்கா, நீங்க எதுக்கு முதல் இடம் குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் வரல தம்பி. நூற்றாண்டுல முக்கால்வாசி அப்படியே கெடக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்?"

பிறகு நான் வேலை மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். அக்காவுக்குப் புற்றுநோய், தஞ்சாவூரில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று போன வருடம்தான் தெரிந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். வாங்கிப்போன ஆப்பிள் பையைக்கூடக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரே ஆரம்பித்தார்.

"தம்பி, அந்த விவசாயி படத்த மறுபடி பாத்தேன். போன்லதான். அந்தப் பொண்டாட்டியா வர்ற பொண்ணு நல்லாத்தான் பண்ணியிருக்கா. நான் அப்பச் சரியா பாக்கல."

"எந்த எடத்துலக்கா?"

"பொணத்த வாசல்ல எறக்குறாங்கல்ல... உள்ளேருந்து ஓடி வர்றா. நடையில புருஷன் செருப்பு கெடக்கு. அத மிதிச்சிடாம, எடுத்து ஓரமா வச்சிட்டுத்தான் வந்து விழுறா. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிடும்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்கம்மாவும் அப்படித்தான் வச்சாங்க தம்பி. அந்தப் பொண்ணுக்கு அத யாரு சொல்லிக் குடுத்தாங்களோ..."

ஆப்பிள் பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "அப்ப முதல் இடம் குடுத்துடலாமாக்கா?" என்றேன்.

"ஆசதான்! நாலாவது எடம். அதுக்கு மேல கெடையாது. அதுல வர்ற பாட்டெல்லாம் சகிக்கல."

வெளியே வந்ததும் பாபு அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். எந்த வார்டு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுத் தஞ்சாவூர் போயிருக்கிறார் மனிதர். நாலாவது இடம் அநியாயம் என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாதாடியிருக்கிறார். நர்ஸ் வந்து அதட்டும் அளவுக்கு இருவரும் சத்தம் போட்டார்களாம்.

"மூணாவது எடம் குடுக்குற வரைக்கும் எறங்கி வந்துச்சுடா ஜெசிந்தா" என்று சாயங்காலம் என்னிடம் சொன்னார். "என்னா சிரிப்புச் சிரிச்சுச்சு தெரியுமா..." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

நான் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது அந்தப் பொங்கலுக்குத்தான்.

நாளை மாதா கோயிலில் திருப்பலி, பிறகு அடக்கம். மதியம்வரை ஷோரூம் திறக்காது என்று ஓனரே குரூப்பில் போட்டுவிட்டார். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்... பாபு அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார்.

போய்ட்டு வாங்கக்கா.