புரட்டாத மீன்

மத்தியான வேளையில் பினாங்குத் துறைமுகத் தெருவில் நின்றால், யார் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டாம், சாப்பாட்டைப் பார்த்தால் போதும். சீனக் கூலிகள் பலகைமேல் குந்திக்கொண்டு, கஞ்சிக் கிண்ணத்தை வாயோடு வைத்துக் குச்சியால் தள்ளுவார்கள். தொட்டுக்கொள்ள உப்பு முட்டையில் பாதி. மலாய்க்காரர்கள் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, பச்சைத் தழைகளை பெலாச்சான் என்கிற இறால் விழுதுச் சம்பலில் தோய்த்துச் சோற்றோடு மெல்லுவார்கள். வெள்ளைக்காரத் துரைகள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் கோழிக்கறியை ஒரு கட்டுக் கட்டிவிட்டுச் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார்களாம். நம் ஆட்கள் மட்டும், இலை முன்னால் உட்காருவதற்கு முன் சமைத்தது யார் என்று விசாரிப்பார்கள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். ஒரு நாள் அரிசி மூட்டை சரிந்து காலில் விழுந்தது. கால் எலும்பு கூடியது, ஆனால் பாரம் தூக்கும் பிழைப்பு போய்விட்டது. நான் வாடகை வீட்டின் முன்னறையில் மூன்று பலகைகளைப் போட்டு மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்தேன். நம் ஆட்கள் வந்தார்கள். மணம் பிடித்தார்கள், விசாரித்தார்கள். நான் நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும், ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்ததுபோல எழுந்து போனார்கள். போங்கள், எனக்கென்ன!

எனக்கென்ன என்று வாய்தான் சொன்னது. கடை ஓடாவிட்டால் கப்பல்தான் என்று வீட்டுக்காரர் முடிவு கட்டியிருந்தார். அவர் புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கட்டிக்கொண்டதும் இந்த ஊரில்தான். அவர் வீட்டில் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே போனால் அந்த வீட்டுக்குள் எனக்கு இலை விழாது. கொல்லைப்புறத்தில் ஒரு தனித் தட்டு வைப்பார்கள், காலம் முழுக்க அதுதான். அதை நினைத்தால் அடுப்படியில் கை நின்றுவிடும்.

அப்போதுதான் வீட்டுக்காரர் ஒரு நல்ல காரியம் செய்தார். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் தொங்காங் படகு ஒன்றின் தலைவர், வயதான சீனர், கிடங்கில் அவருக்குப் பழக்கம். அந்தப் படகுக்காரர்களுக்குச் சமைத்தவன் சீனாவுக்குத் திரும்பிப் போய்விட்டான். ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் பாருங்கள், பிடித்திருந்தால் தினமும் வாருங்கள் என்று அழைத்துவிட்டு வந்தார். அவர்கள் யாரும் என் சாதியைக் கேட்கவில்லை. தலைவர் கேட்டது ஒன்றுதான், மீன் புதுசா என்று.

முழுக் கொடுவா மீனை மஞ்சள் தடவிப் பொரித்து, புளிக்குழம்பை ஓரமாக ஊற்றி, நடுப்பலகையில் வைத்தேன். அவர்களுக்கு ஆளுக்கொரு இலையெல்லாம் கிடையாது. நடுவில் ஒரு தட்டு, சுற்றிலும் குச்சிகள். ஒரு காலைப் பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மேல்பக்கச் சதை தீர்ந்து முள் தெரிந்தது. அங்கேதான் என் வீட்டுக்காரருக்கு விருந்தோம்பல் பொங்கியது. போதும் என்றாலும் இன்னொரு கரண்டி போடுகிற ஊர் அல்லவா அவர் ஊர்! கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து, கரண்டியை அடியில் விட்டு மீனைப் புரட்டி, மறுபக்கத்தை மேலே போட்டார்.

குச்சிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கீழே வந்தன. தலைவர் உள்ளங்கையை மேலே காட்டி, "பெராஹு" என்றார். படகு என்று அர்த்தம். பிறகு கையை மெதுவாகக் கவிழ்த்தார். அவ்வளவுதான். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். அன்று அவர்கள் படகை எடுக்கவேயில்லை. கப்பல் சரக்கை வேறு ஆட்கள் இறக்கினார்கள்.

"மீனு செத்து, பொரிஞ்சு, தட்டுக்கு வந்தாச்சு. அது எந்தப் பக்கம் படுத்தா இவனுங்களுக்கு என்னவாம்?" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கு வந்ததே கோபம்! "இத்தன வருஷமா சீனன் பக்கத்துல நின்னு மூட்ட தூக்குனீங்களே, அவன் எப்படிச் சாப்புடுறான்னு ஒரு நாளாச்சும் பாத்தீங்களா? நீங்க உண்டு, உங்க தூக்குவாளி உண்டுன்னு இருந்திருக்கீங்க! எங்க அப்பா கடல்ல இருக்கையில எங்க அம்மா வீட்ல ஒரு பானையக் கவுத்து வெக்க மாட்டாங்க. கழுவுன சட்டியக்கூட நிமித்தித்தான் வெப்பாங்க. கடலுக்குப் போறவன் முன்னால எதைக் கவுக்குறதுன்னு இல்லையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி புள்ள. கப்பலுக்குப் பேரு குடுத்துரலாம்" என்றார்.

மறுநாள் காலையில் பசாருக்குப் போய் ஒரு சின்ன மீனும் ஒரு பெரிய கொடுவாவும் வாங்கினேன். சின்னதைப் பொரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். புரட்டவும் கூடாது, அடிப்பக்கச் சதையும் வீணாகக் கூடாது. மேல் சதையை ஒதுக்கிவிட்டு, வால் பக்கமிருந்து நடுமுள்ளைத் தூக்கினேன். முதல் தடவை முள் உடைந்து சதையெல்லாம் பிய்ந்தது. மெதுவாகப் பழகினேன். மத்தியானம் பெரிய மீனைத் தட்டில் வைத்து, தலையில் சுமந்துகொண்டு, தண்ணீருக்குமேல் கால் நட்டுக் கட்டிய படகுக்காரர் வீடுகளுக்கு நடந்தேன். பின்னால் வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே வந்தார்.

தலைவர் வீட்டு வாசல் பலகையில் தட்டை இறக்கினேன். சீனம் எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் வராது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மேல் சதையை ஒதுக்கி, வாலைப் பிடித்து, முள்ளைத் தலை வரைக்கும் முழுசாகத் தூக்கி எடுத்தேன். அடியில் சதை வெள்ளையாக அப்படியே கிடந்தது. மீன் அசையவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். குச்சியை எடுத்தார். சாப்பிட்டதும் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்தது. பேய்க்காற்று. கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் தொங்கவிட்டிருந்த சாக்குப் படுதாக்கள் பிய்த்துக்கொண்டு பறந்தன. ஐயோ மாரியாத்தா, போயும் போயும் இன்றைக்கா! ஏதாவது ஆகிவிட்டால் என் சமையல்தான் காரணமென்று சொல்லுவார்கள். அதைவிட, அந்த ஆட்கள் நன்றாக இருக்க வேண்டுமே என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. அடுப்படியில் கவிழ்ந்து கிடந்த சட்டி, பானை, கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்தேன். என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்பையும் எடுத்து நிமிர்த்தினார். அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் படகு கரைக்கு வந்து சேர்ந்தது என்று கேள்விப்பட்டோம். அவர்கள் யாரும் எங்கள் பக்கம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் தலைவர் வாசலில் நின்றார், கையில் ஓலையில் கோத்த கொடுவா. பின்னால் ஆட்கள் அத்தனை பேரும். நான் ஓடிப்போய்ப் பொரித்துக் கொண்டுவந்து நடுப்பலகையில் வைத்துவிட்டு, கரண்டியோடு சுவரோரமாக நின்றுகொண்டேன். தலைவர் மீனைப் புரட்டாமல், தட்டை மட்டும் மெதுவாகச் சுற்றினார். பிறகு கைகட்டி உட்கார்ந்தார். யாரும் குச்சியைத் தொடவில்லை. எனக்குத் திக்கென்றது. இன்றைக்கு என்ன தப்போ!

வீட்டுக்காரர் தலைவரிடம் மலாயில் கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மீன் தலை யாரப் பாக்குதோ அவங்கதான் இன்னிக்குப் பெரிய விருந்தாளியாம். அவங்க கைவெக்காம மத்தவங்க தொட மாட்டாங்களாம்."

"அது செவுத்தையில்ல பாக்குது?"

"செவுத்துக்கு முன்னால நீ நிக்குறியே புள்ள. வந்து உக்காரு லா."

பிறந்த வீட்டிலும் சரி, கட்டிக்கொண்ட பிறகும் சரி, ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டி அடியை வழித்துச் சாப்பிட்டவள் நான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தேன். "மாரி, மக்கான்" என்றார் தலைவர். வா, சாப்பிடு என்கிறார். கண்ணில் தண்ணீர் முட்டி மீனே சரியாகத் தெரியவில்லை. கையை நீட்டிக் கன்னத்துச் சதையில் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் சாப்பிட்டார்கள்.