வின்ஸ்ட்ரே மேட்டில் அணிவகுப்பு

"யாரும் அசையாதீங்கடா," என்றேன். என் குதிரை பிஷப்புக்கே அது கேட்கவில்லை. பிஷப் முன்னங்காலால் நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்தாக்கிலிருந்து வேட்டைநாய்களின் குரல் ஏறி வந்தது. ஒன்றிரண்டு நாய் இல்லை, மொத்தக் கூட்டமும். எனக்கு வலப்பக்கம் நின்ற ஈனோக் பக்ஸ்லி, மாவு ஆலைக்காரன், கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கண்ண மூடிட்டா ஆச்சா? காது இருக்கே," என்றான் அவனுக்கு அடுத்திருந்தவன்.

"காதை எப்படிய்யா மூடறது? ஒரு கையில வாளு, ஒரு கையில கடிவாள வாரு. நீ வந்து பொத்திவிடு."

"பேச்சு வேண்டாம்," என்றார் மேஜர், திரும்பாமலே.

மேஜர் வேரிங் எங்களுக்கு முன்னால் ஜூனோ என்ற கரிய பெட்டைக் குதிரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு கதவுச் சட்டம் மாதிரி. அவர் பக்கத்தில் லண்டனிலிருந்து ஆய்வுக்கு வந்த கர்னல் டெல்மர். நாங்கள் லார்கோம் ஊர்க் குதிரைப்படை. எல்லோரும் விவசாயிகள். வருஷத்தில் ஒரு வாரம் சொந்தக் குதிரையோடு வந்து, சீருடை மாட்டிக்கொண்டு, ராணிக்காகப் பயிற்சி எடுப்போம். மற்ற நாட்களில் அதே குதிரைகள் மான் வேட்டையில் நாய்களுக்குப் பின்னால் ஓடும். செப்டம்பர் மாதம், நாய்க்குரல் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவற்றுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆய்வுக்குத் தேதி குறித்தவர்கள் வேட்டைக்கும் அதே நாள் என்று பார்க்கவில்லை. லண்டனில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்.

சின்னப் படைகளையெல்லாம் கலைத்து டான்டன் நகரத்துப் பெரிய படையோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு. கர்னல் நல்லபடியாக எழுதினால் நாங்கள் இருப்போம். இல்லையென்றால் இதுதான் கடைசி அணிவகுப்பு. படை போனால் மேஜருக்கு என்ன மிச்சம் என்று லார்கோமில் எல்லோருக்கும் தெரியும். வீடும் நிலமும் அவர் மனைவியுடையவை. படை ஒன்றுதான் அவருடையது.

முதல்நாள் மாலை ஆயுதக் கொட்டகையில் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: "நாளைக்கு நாய்ங்க இந்தப் பக்கம் வரலாம். மானே வந்து உங்க சேணத்துல ஏறி உக்காந்தாலும் நீங்க அசையக் கூடாது."

"உக்காந்தா எறக்கி விடலாமாங்க ஐயா?" என்று கேட்டான் ஈனோக்.

"கூடாது."

அவர் சிரிக்கவில்லை. நாங்களும் வெளியே வந்துதான் சிரித்தோம்.

அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. நார்ஃபோக்கில் ஒரு பாதிரியாரின் மூன்றாவது மகன். மாமா ஒருவர் பிடித்துக் குதிரைப்படையில் சேர்த்துவிட்டார். இருபது வருஷம் அதில் இருந்தார். லார்கோமுக்கு வந்த புதிதில், கிரைமியாப் போரில் எத்தனை ருஷ்யர்களை வெட்டினார் என்று மதுக்கடையில் பந்தயமே நடந்தது. கடைசியில் ஈனோக் நேராகப் போய்க் கேட்டுவிட்டான்.

"யாரையும் இல்ல," என்றார் மேஜர். "நாங்க ஒரு மேட்டுக்குப் பின்னால காத்திருந்தோம். விடியறதுக்கு முன்னாடி குதிரையில ஏறினது. முன்னால என்னவோ நடந்துச்சு, சத்தம் கேட்டுது. பொழுது சாஞ்சதும் எறங்கச் சொன்னாங்க."

"அப்புறம்?"

"எறங்கினோம்."

இந்தியாவுக்குக் கப்பலில் போனார். போய்ச் சேர்ந்தபோது சண்டை முடிந்திருந்தது. காய்ச்சல் வந்தது. பிறகு அயர்லாந்தில் ஒரு பயிற்சிப் பள்ளி. எதிரியை நோக்கிப் பாய்ந்து ஓடுவது எப்படி என்று பையன்களுக்கு மரக்கட்டைகளை வைத்துக் கற்றுக்கொடுத்தார். பாய்ந்து ஓடச்சொல்லி அவருக்கு ஒருமுறைகூட உத்தரவு வரவில்லை. இதை அவர் குறையாகச் சொன்னதில்லை. கேட்டால் சொல்வார், அவ்வளவுதான்.

லார்கோம் மாளிகையின் ஒரே மகள் அகஸ்டாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் இறந்ததும் படையை விட்டு இங்கே வந்து பண்ணையாரானார். முதல் வருஷம் ஊருக்கு நல்ல வேடிக்கை. பால் கறக்கப் போகும் மாடுகளை இரண்டிரண்டாக நடக்க வைக்கப் பார்த்தார். சாப்பாட்டுக்கு ஊதுகுழல் ஊதச் சொன்னார். சமையல்காரி வேலையை விட்டுப் போகிறேன் என்று பாத்திரத்தைக் கீழே வைத்ததும் அது நின்றது. ஆனால் நாங்கள் வடிகால் வெட்டினால் அவரும் கூட நின்று வெட்டினார். என் கொட்டகைக் கூரை காற்றில் போனபோது சொல்லாமலே கூரை வேய வைக்கோல்கட்டு அனுப்பினார். மெல்ல மெல்ல அவர் எங்களவர் ஆகிவிட்டார், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

அவர் வேட்டைக்கு வரமாட்டார்.

எங்கள் பக்கத்தில் பாதிரியார் வருவார், வைத்தியர் வருவார், சவப்பெட்டி செய்கிறவன் கழுதை மாதிரி ஒரு மட்டக்குதிரையில் வருவான். குதிரைப்படை மேஜர் மட்டும் வரமாட்டார். "அது உத்தரவு இல்லாத கூட்டம்," என்பார். "யாரு முன்னால, யாரு பின்னால, எதுவும் கிடையாது." அகஸ்டா அம்மாவோ பல் முளைக்கும் முன்பே சேணத்தில் உட்கார்ந்தவர். மகள் ரோவினாவும் அப்படியே. வேட்டை நாட்களில் தாயும் மகளும் விடியும்போதே கிளம்பிவிடுவார்கள். வாசலில் நின்று வழியனுப்புவது மேஜர்.

"இன்னிக்காவது வாங்களேன், ஆம்ப்ரோஸ்."

"வேலை இருக்கு, கஸ்ஸி."

பதினெட்டு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சில்லிங் கிடைத்திருந்தால் இன்னொரு பண்ணையே வாங்கியிருக்கலாம் என்று அந்த அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆய்வு நாளிலும் வண்டியில் உட்கார்ந்து கைக்குட்டை ஆட்ட அந்த அம்மா வரவில்லை. நாய்கள் இருந்த இடத்தில் அவர் இருந்தார்.

நாய்க்குரல் மேட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. பெரணிப் புதர் ஒரு இடத்தில் பிளந்தது. மான் வெளியே வந்தது.

நான் எத்தனையோ கலைமான் பார்த்திருக்கிறேன். இத்தனை பக்கத்தில், இத்தனை அவசரமில்லாமல் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்து நின்றது. சிவப்புச் சட்டையும் தலைக்கவசமுமாக ஒரு வேலி திடீரென்று முளைத்திருப்பதை யோசிப்பதுபோல் நின்றது. பிறகு கொம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு முன்னால், மேஜரின் குதிரை மூக்கை உரசுகிற மாதிரி, நேராக ஓடியது. அதன் ஈர வாடை எனக்கு அடித்தது.

வரிசை முழுவதும் நடுங்கியது. பிஷப்பின் விலா என் தொடைகளுக்கு நடுவே உலைத்துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. வாரை என் பக்கம் இழுத்தேன், இழுத்தேன், என் தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. யாரும் போகவில்லை. ஈனோக்கின் குதிரை பின்னங்காலில் நின்றது, இறங்கியது, போகவில்லை. நாய்கள் எங்கள் குதிரைகளின் கால்களுக்கு இடையிலேயே புகுந்து போயின. வேட்டைத் தலைவர் கொம்பு ஊதியபடி கடந்தார். பாதிரியார் போனார். வைத்தியர் போனார். எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

"துரோகிங்க," என்று பல்லைக் கடித்தான் ஈனோக். "ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல தூங்கறேன் பாரு."

யாரும் அசையவில்லை. எங்களாலேயே நம்ப முடியவில்லை.

அப்போது அகஸ்டா அம்மா வந்தார். தொப்பி எங்கோ போயிருந்தது. நரைத்த கூந்தல் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது, கன்னத்தில் சேறு அப்பியிருந்தது. பாய்ச்சலில் வந்தவர் கணவருக்கு நேராக ஒரு கணம் வாரை இழுத்தார். மூச்சு வாங்கியது.

"ஆம்ப்ரோஸ்," என்றார். "இன்னும் எவ்வளவு நேரம்தான் உக்காந்துட்டே இருப்பீங்க?"

பதிலுக்கு நிற்கவில்லை, போய்விட்டார். பின்னால் வந்த ரோவினா, "வாங்கப்பா," என்று மட்டும் சொல்லிக்கொண்டு கடந்தாள்.

மேஜர் அவர்கள் போன திசையைப் பார்த்தார். ஜூனோவின் காதுகளும் அங்கேதான் இருந்தன. பிறகு எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். வாளை உறையில் போட்டார். கர்னலுக்கு வணக்கம் வைத்தார். என் பக்கம் வந்து தலைக்கவசத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"சார்ஜென்ட் ரிட்லர், படை உங்க பொறுப்பு."

"ஐயா," என்றேன். லெப்டினன்ட் போன வாரம் வேட்டையில் கழுத்தெலும்பை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். அடுத்தது நான்தான்.

மேஜர் போனார். போனார் என்று சொல்வது போதாது. நடை இல்லை, துள்ளல் இல்லை, நின்ற இடத்திலிருந்தே பாய்ச்சல். எங்களுக்குப் பத்து வருஷமாகக் கற்றுக்கொடுத்த எதுவும் அதில் இல்லை. முழங்கை இரண்டும் கோழிச் சிறகு மாதிரி அடித்தன. என் வயலோரக் கல்வேலியை, வழி இருந்த பக்கம் போகாமல், நேராகத் தாண்டினார். வரிசையில் யாரோ விம்மினார்கள். அது நானாகவும் இருக்கலாம்.

கர்னல் குதிரையை என் பக்கம் நகர்த்தினார். "உங்க மேஜர் எங்க போறார்?"

"வீட்டம்மா கூடங்க, ஐயா."

அவர் மீசைக்குக் கீழே ஏதோ ஓடி மறைந்தது. "அடுத்து என்ன பாக்கி?"

"தாக்குதல் ஓட்டங்க."

"அப்ப நடத்துங்க. அந்தப் பக்கம்." நாய்கள் போனதற்கு நேரெதிர்த் திசையைக் காட்டினார்.

மேஜரின் தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு வாளை உயர்த்தினேன். அந்தக் குதிரைகள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. மடை திறந்த மாதிரி போனோம். நிலம் அதிர்ந்தது, காற்று கண்ணில் நீரை இழுத்தது. தொண்டை கிழியக் கத்தினோம், ராணிக்காக இல்லை. வரிசை உடையவில்லை. முள்புதர் ஓரத்தில் வாளைத் தாழ்த்தினேன். எல்லோரும் நின்றார்கள். நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் நின்றார்கள்.

கர்னல் மெதுவாக வந்தார். "நாய்க்கூட்டம் கால்ல புகுந்து போயும் நின்ன படைய நான் பார்த்ததில்ல. யாரு கத்துக்கொடுத்தது?"

"அவருதாங்க."

கர்னல் குதிரையைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பினார். ஊதல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"படை இருக்கட்டும்னு எழுதுவேன். அவரு இருக்கட்டும்னு எழுத முடியாது. புரியுதா, சார்ஜென்ட்?"

"புரியுதுங்க."

விளக்கேற்றும் நேரம், தலைக்கவசத்தோடு மாளிகையின் லாயத்தில் காத்திருந்தேன். மூன்று பேரும் வந்தார்கள். மேஜர் நடந்து வந்தார், நொண்டும் ஜூனோவைப் பிடித்துக்கொண்டு. தலைமுடிவரை சேறு. உதடு கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், வணக்கத்துக்குக்கூட இடம் கொடுக்காமல், பேச ஆரம்பித்தார்.

"ரிட்லர், போர்லாக் கடல்வரைக்கும்யா. ஆத்துல ரெண்டு தரம் விழுந்தேன். ரெண்டாவது தரம் குதிரை கரையில, நான் தண்ணில. கஸ்ஸி திரும்பிப் பார்த்தாளா? பார்க்கல."

"பார்த்தேன். நிக்கல," என்றார் அகஸ்டா.

"மான் என்னாச்சுங்க ஐயா?"

"மானா? நான் எங்கய்யா பார்த்தேன். அவ முதுகைப் பார்த்துக்கிட்டே போனேன். கடல்ல எறங்கி நீந்திப் போயிடுச்சுன்னாங்க."

"அப்பா கத்திக்கிட்டே வந்தாரு," என்றாள் ரோவினா. "என்ன கத்தினீங்கன்னு தெரியுமா? 'வரிசை, வரிசை'ன்னு."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதற்கு முன் நினைவில்லை. பிறகு என் கையிலிருந்த தலைக்கவசத்தைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக நின்றது.

"நின்னீங்களா?"

"நின்னோம் ஐயா."

"எல்லாருமா? ஈனோக்?"

"ஈனோக்கும்தாங்க."

கர்னல் சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அகஸ்டா அம்மா குதிரையிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நியாயம்தான்," என்றார் மேஜர். "நானா இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்."

"வலிக்குதா, ஆம்ப்ரோஸ்?"

"வலிக்குது," என்றார். "இடுப்பும் சேர்த்து."

மறுநாள் மழை. காலையில் மேஜர் சாதாரணக் கோட்டில் ஆயுதக் கொட்டகைக்கு வந்தார். நானும் அவரும் வாள்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தோம். ஒரு உறை நசுங்கியிருந்தது. அதைக் கொல்லனிடம் அனுப்பச் சொன்னார். பதவி விலகல் கடிதத்தைத் தபால்காரனிடம் கொடுத்தார். சாவியை என்னிடம் கொடுத்தார். ஜூனோவின் முன்னங்காலுக்குத் தவிட்டுப் பத்து போட்டார்கள். அகஸ்டா அம்மா மதியம்வரை எழுந்திருக்கவில்லை. ரோவினா அம்மாவின் தொப்பியைத் தேடிப் போய் வெறுங்கையோடு வந்தாள். மழையில் ஓட்ஸ் அறுக்க முடியாததால் நான் மேஜர் தாண்டிய கல்வேலியில் சரிந்த இடத்தைக் கட்டினேன். சாயங்காலம் பன்றிகளுக்குத் தீனி வைத்தேன்.